நூற்றி நான்கைத் தாண்டாத துடிப்பு

கூடத்தில் உட்கார்ந்திருந்த அஷ்ரப் பேச்சை நிறுத்திவிட்டுத் திரைப் பக்கம் காது கொடுத்தான்.

“உள்ள என்ன சத்தம் மதினி? மாவு மில்லு எதுவும் போட்டிருக்கீகளா?”

“சைக்கிள் ஓட்டுறேன் தம்பி,” என்றாள் லத்திபா.

“வீட்டுக்குள்ளயா?”

“வெளிய போகத்தான் கூடாதே.”

கணவர் ஷேக் மைதீன் இறந்து முப்பத்திரண்டு நாள் ஆகியிருந்தது. நான்கு மாதம் பத்து நாள் வாசலைத் தாண்டாமல் இத்தா இருக்க வேண்டும். கொழுந்தனோடுகூடத் திரைக்குப் பின்னால் இருந்துதான் பேச்சு. அஷ்ரப் வந்தது சுருளிப்பட்டித் தோட்ட விஷயமாக. மூன்று ஏக்கர் பன்னீர் திராட்சை, அண்ணன் தம்பி இருவர் பேரிலும் இருந்தது. குத்தகைக்கு விட்டுவிடலாம் என்றான்.

“நெஞ்சுல ஸ்டென்ட் வச்ச ஆளு நீங்க. கார் நிக்கிற இடத்துல இருந்து மோட்டார் ரூமுக்கு முக்கா கிலோமீட்டர் மேடு. தினம் ஏறி இறங்க முடியுமா? அண்ணனே அங்கனதான் விழுந்தாக.”

லத்திபா மிதிப்பதை நிறுத்தவில்லை.

“இத்தா முடிஞ்ச மறுநாள் நீங்களும் வாங்க தம்பி. மோட்டார் ரூம் வரைக்கும் நடக்கிறேன். நடுவுல ஒரு தடவை உக்காந்தேன்னா யாருக்கு வேணாலும் விட்டுடுங்க.”

அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. உத்தமபாளையத்திலிருந்து கம்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது திராட்சையைத் தட்டில் மட்டும்தான் பார்த்திருந்தாள். பத்து வருடத்தில், கவாத்துக்கு எந்தக் கணுவில் கத்தரி வைத்தால் குலை வரும், எது வெறும் இலையாகப் போகும் என்று கணவரைவிட நன்றாகச் சொல்லத் தெரிந்துகொண்டாள். விலை பேசுவது அவர், கொடி பார்ப்பது அவள். ஸ்டென்ட் வைத்த பிறகு இரண்டு வருடமாகத் தினமும் காலையில் வாய்க்கால் கரையில் அவளை நடக்கக் கூட்டிப்போனதும் அவர்தான். எந்த நோயும் இல்லாத மனிதர். முதலில் போனார்.

அடக்கத்துக்கு வந்த மகள் சானியா திரும்பிப் போகவில்லை. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர். வீட்டிலிருந்தே வேலை செய்தாள். அழவில்லை. மூன்றாவது வாரம் இந்தச் சைக்கிளை வரவழைத்து நடு அறையில் நிறுத்தினாள். நெஞ்சில் கட்ட ஒரு பட்டை, துடிப்பைக் காட்ட போன். இருநூற்று இருபதில் வயதைக் கழித்து, அதில் முக்கால் பங்கு எடுத்து, சுவரில் காகிதம் ஒட்டினாள்: மூன்று நிமிடம் வேகம், இரண்டு நிமிடம் மெதுவாக, ஐந்து சுற்று. வேகத்தில் துடிப்பு நூற்றி இருபத்தொன்றைத் தொட வேண்டும்.

தொடவில்லை. எவ்வளவு மிதித்தாலும் நூற்றி நான்கில் நின்றது. பரீட்சைக் கணக்கில் ஒருநாளும் தேறாத லத்திபா, குறை தன்னிடம்தான் என்று எடுத்துக்கொண்டாள். மகளிடம் சொல்லாமல், மிதியைக் கனமாக்கும் சைக்கிள் திருகைத் தினமும் இன்னும் கொஞ்சம் இறுக்கினாள். அஷ்ரப் வந்துபோன மறுநாள் முதல் சுற்றிலேயே முழு மூச்சையும் போட்டாள். மூன்றாவது சுற்றில் காது அடைத்தது. கைப்பிடி வழுக்கியது. மெல்ல இறங்கிப் பீரோவில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சானியா தேனி டாக்டரைப் போனில் பிடித்தாள். அவர் எல்லாம் கேட்டுவிட்டு, “காலையில அம்மா போடுற மாத்திரை எதுக்குன்னு தெரியுமா?” என்றார். “துடிப்பு ஏறாம பிடிச்சு வைக்கத்தான். உங்க கணக்கு அந்த மாத்திரை போடாதவங்களுக்கு.”

தொழிற்சாலையில் யாராவது வால்வை மூடி வைத்துவிட்டு, தண்ணீர் ஏன் ஏறவில்லை என்று பம்பை விரட்டினால் சானியா சும்மா விடமாட்டாள். போனை வைத்தாள். அப்பா இறந்த பிறகு முதல் தடவையாக அழுதாள்.

“அத்தா போனாக. உன்னையும் நானே கொண்டுபோய் விட்டிருப்பேன்.”

“நான் இங்கனதான உக்காந்திருக்கேன். மொதல்ல தண்ணியக் குடு,” என்றாள் லத்திபா.

வைத்தியத்துக்கு வெளியே போக இத்தாவில் தடையில்லை. டாக்டர் ஒருமுறை நேரில் பார்த்த பிறகே மறுபடி ஏறவிட்டார். எண்ணைத் துரத்த வேண்டாம். மிதிக்கும்போது நாலு வார்த்தை பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. வேகத்துக்கு அதுதான் அளவு. முதல் சுற்று ஆக லேசாக இருக்கட்டும். துடிப்பு எப்போதும் கால்களுக்குப் பின்னால்தான் வந்து சேரும், காத்திருக்கணும். மெதுவாக மிதிக்கும் நேரத்தில் ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு இறங்குகிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளச் சொன்னார்.

யாரிடம் பேசுவது? தோட்டத்தில் கவாத்துப் பெண்களுக்குத் தலைவியான பஞ்சம்மாளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள் லத்திபா.

“கெழக்கு வரிசை என்னாச்சு?”

“அது கெடக்கு. என்னம்மா இப்பிடி மூச்சு வாங்குறீக, யாரும் வெரட்டுறாகளா?”

“நீதான் வெரட்டுற. செவட்டை நோவு இருக்கா?”

“ரெண்டு எலையில.”

“கிள்ளி… எடுத்து… எரி.”

“இந்த வேகம் சரி,” என்பாள் சானியா. அம்மா பஞ்சம்மாளை முழு வாக்கியத்தில் ஏசினால் திருகை ஒரு சுற்று இறுக்குவாள். வெறும் ‘ம்’ வந்தால் தளர்த்துவாள். முதல் வாரம் ஒரு நிமிடத்தில் ஒன்பது இறங்கியது. மூன்றாம் மாதம் பதினெட்டு.

இத்தா முடிந்த மறுநாள் ஏழு மணிக்குக் கார் மேட்டடியில் நின்றது. அஷ்ரப் முன்னால் விறுவிறுவென்று ஏறினான். லத்திபா ஆரம்பத்திலேயே மெதுவாக நடந்தாள். கொஞ்ச தூரம் எட்டிப் போட்டாள், மூச்சு தவறும் முன்பே நடையைத் தளர்த்தினாள், மறுபடி எட்டிப் போட்டாள்.

“இப்பிடி நடந்தா மத்தியானம் ஆயிரும் மதினி.”

“ஆகட்டும்.”

பாதி மேட்டில் அஷ்ரப் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தான். அவள் அவனைத் தாண்டிப் போனாள். பின்னாலேயே சானியா, கையில் போனோடு.

மோட்டார் ரூம் படியருகே லத்திபா நின்றாள். சிமெண்டுத் தரையில் அவர் விழுந்த இடத்தை யாரோ கழுவி விட்டிருந்தார்கள். சானியா போனைப் பார்த்தாள். நூற்றி மூன்று. ஒரு நிமிடம் கழித்தும் நூற்றி மூன்று. மேட்டில் அது தொண்ணூற்றாறைத் தாண்டவில்லை.

“நெஞ்சு வலிக்குதாம்மா?”

“வலி இல்ல. நீ அதைப் பாக்காத.”

சானியா போனைப் பைக்குள் போட்டுவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அஷ்ரப் மேல் மூச்சு வாங்க வந்து சேர்ந்தான். இருவரையும் பார்த்தான். தரையைப் பார்த்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்துப் படியைத் துடைத்துவிட்டான்.

“உக்காருங்க மதினி. அதான் வந்துட்டீகள்ல.”

அவள் உட்கார்ந்தாள். பந்தலுக்கடியில் பஞ்சம்மாளும் பெண்களும் கத்தரியோடு காத்து நின்றார்கள்.

“மேக்கு வரிசை கவாத்தை இன்னைக்கே ஆரம்பிக்கட்டுமா, நாளைக்கா?” என்று கேட்டான் அஷ்ரப்.

“மூச்சு வரட்டும். பாத்துட்டுச் சொல்றேன்,” என்றாள் லத்திபா.