பூச்சிகளுக்குக் கோடையில் சோறு

கைப்பேசி அடித்தபோது நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். ஈரக் கையோடு எடுத்தேன். வண்டிக்கார வரதன். அவர் பேச ஆரம்பித்தால் முதலில் மழை, அப்புறம் முட்டிவலி, அதற்கும் பிறகுதான் விஷயத்துக்கு வருவார். அன்றைக்கு எடுத்த எடுப்பிலேயே, "ஸ்டெல்லாம்மா, பாயம்மா பூட்டாங்க" என்றார்.  

பாயம்மா என்று அவர் சொன்னது நூர்ஜஹான் பேகம் அவர்களை. கள்ளக்குறிச்சி தொலைபேசி நிலையத்தில் என்னோடு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, காதில் கருவியை மாட்டிக்கொண்டு, ஊருக்கும் உலகத்துக்கும் இணைப்புக் கொடுத்தவர். அந்தக் காலத்தில் ஊரில் விழுந்த சாவுச் செய்தியில் பாதி எங்கள் இருவர் காதுவழியாகத்தான் போயிருக்கும். அப்படியொரு அழைப்பு வந்தால், எதிர்முனையில் எடுப்பவரிடம் அவர் முதலில் சொல்வது, "ஒக்காந்துகினு பேசுங்க" என்பதுதான். எனக்கு அன்று அதைச் சொல்ல ஆளில்லை. நானே அடுப்படித் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பாத்திரக்கடை ஜாபர் பாய் வீட்டம்மா அவர். குள்ளமான உருவம், கணீரென்ற குரல். குரலை மட்டும் தொலைபேசியில் கேட்டவர்கள் நேரில் பார்த்தால், "இவங்களா அவங்க?" என்று நம்பமாட்டார்கள். வீட்டுக் கொல்லையில், முருங்கை மரத்தடியில், ஐந்து தேனீப் பெட்டிகள் வைத்திருந்தார். தேனை ஒரு நாளும் விற்றதில்லை. பழைய ஊறுகாய் பாட்டில்களில் ஊற்றி எங்களுக்குக் கொடுப்பார். பாட்டிலைத் திருப்பிக் கொடுக்காதவர்களுக்கு மறுமுறை தேன் கிடையாது. அதில் மட்டும் மகா கறார்.

ஏதோ ஒரு பயிற்சி முகாமுக்குப் போய்விட்டு முதல் பெட்டியோடு அவர் வீடு திரும்பிய அன்று, "வூட்ல வச்சி வளக்குறதுக்குக் கொட்டுற ஜந்துதான் கெடச்சிதா?" என்று பாய் கேட்டாராம். "நாளெல்லாம் கடையில டமால் டுமீல்னு பாத்திரத்த உருட்டுறீங்களே, நான் எதுனா கேக்குறேனா?" என்று இவர் திருப்பிக் கேட்டிருக்கிறார். பேச்சு அத்தோடு முடிந்தது. பாய் அதற்குப் பிறகு பூச்சிகளைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆனால் யாரும் பார்க்காத நேரத்தில் பெட்டிகளின் அருகே போய் நின்றுகொண்டிருப்பார் என்று நூரு சொல்லிச் சிரிப்பார். ஆமாம், எழுத்தில்தான் அவர் நூர்ஜஹான் பேகம் அவர்கள். எனக்கு என்றைக்கும் நூரு.

எனக்குத் தேனீ என்றாலே உதறும். உளுந்தூர்பேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் களமருதூர் வீட்டில் ஒரு குளவி வந்தால்கூட நான் தெருவில்தான் நிற்பேன். அப்படிப்பட்டவளை அந்தப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டது இடஒதுக்கீட்டுப் போராட்டம்.

எண்பதுகளின் பின்பாதி அது. ஊர் ஊராகச் சாலையில் மரங்களை வெட்டிப் போட்டார்கள். பேருந்து, லாரி எதுவும் அசையவில்லை. வேலைக்கு வந்த நான் ஊர் திரும்ப வழியில்லாமல் மாட்டிக்கொண்டேன். வீட்டில் என் மகளுக்குக் காய்ச்சல். நூருதான் உளுந்தூர்பேட்டை ஆபரேட்டரைப் பிடித்து, அங்கிருந்து சைக்கிளில் ஒருவரை அனுப்ப வைத்து, காய்ச்சல் இறங்கிவிட்டது என்ற பதிலையும் வாங்கித் தந்தார். பிறகு என் கையைப் பிடித்துத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனார். "எத்தினி நாளானாலும் ஆவட்டும். எங்க வூட்ல உனக்கு ஒரு தட்டு ஜாஸ்தியா வச்சா கொறஞ்சா பூடும்?" என்றார். அந்த வீட்டில் நான் சாப்பிட்ட சோற்றுக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

அங்கே இருந்தபோதுதான் பார்த்தேன். காலையில் எழுந்ததும் ஒவ்வொரு பெட்டியின் மேலும் காதை வைத்துக் கேட்பார். "இன்னா நூரு, டிரங்க் காலா?" என்று கேட்டால், "லைன் கிளியரா இருக்குதுடி" என்பார். பெட்டிகளுக்கு நடுவில் ஒரு மண்தட்டு. அதில் கூழாங்கற்களைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி வைப்பார். பூச்சி கல்லில் உட்கார்ந்து குடிக்கும், தண்ணீரில் விழுந்து சாகாது. தான் தேநீர் குடிப்பதற்கு முன்னால் அந்தத் தட்டு நிறைந்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, தெருமுனையில் கோடாலிச் சத்தம் கேட்டது. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு நூரு ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன். அந்தச் சாலை ஓரம் முழுக்கப் புங்க மரங்கள். இளைஞர்களும் நடுவயதுக்காரர்களுமாக ஒரு கூட்டம். கோடாலியோடு முன்னால் நின்றவர் வரதன். மலையிலிருந்து புளியும் கடுக்காயும் ஏற்றி வரும் சின்ன லாரி ஒன்று வைத்திருந்ததால் அவரை ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

"வரதண்ணே, இந்த மரங்கள மட்டும் வுட்டுடுங்க" என்றார் நூரு.

"பாயம்மா, இது எங்க புள்ளைங்க படிப்பு விஷயம். நீங்க வூட்டுக்குப் போங்க. மரம் இன்னொண்ணு மொளைக்கும்."

"படிப்பு வேணாம்னு நான் சொன்னனா? நல்லாப் படிக்கட்டும். எல்லாம் காஞ்சி கெடக்குற கோடையில என் பூச்சிங்களுக்குச் சோறே இந்தப் புங்கம்பூதான், அத்தத்தான் சொல்றேன்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். வரதன் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் தயங்கினார். பிறகு கோடாலியை ஓங்கினார். நூரு அங்கே நிற்காமல் திரும்பிவிட்டார். 

பிறகு கைதுகள் நடந்தன. வரதனும் உள்ளே போனார். அவர் மனைவி, வக்கீலிடம் பேசவேண்டும் என்று அழுதுகொண்டே எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். வெளியூர் இணைப்பு கிடைப்பதே பெரும்பாடான காலம். நூருவுக்கு வேலை நேரம் முடிந்துவிட்டது, ஆனாலும் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை. விடாமல் முயன்று இணைப்பு வாங்கிக் கொடுத்து, "ஒக்காந்துகினு பேசும்மா" என்று தன் நாற்காலியைத் தள்ளிவிட்டார். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. "அந்தாளு ஒன் மரத்த வெட்டினவன்டி!" என்றேன். "அதுக்கு இந்தப் பொண்ணு இன்னா பண்ணும்?" என்றார். 

கோடை வந்தது. கொல்லையில் நின்றால் தெரியும், ஊரில் பூவே இல்லை. முருங்கையும் எள்ளும் பூத்து ஓய்ந்திருந்தன. தெருமுனையில் வெறும் அடிக்கட்டைகள். நம் நாட்டுத் தேனீ பசி தாங்காது. தின்ன ஒன்றும் இல்லையென்றால் கூட்டோடு கிளம்பிப் போய்விடும், திரும்பி வராது. நூருவுக்கு அந்தப் பயம்தான். பொழுது சாய்ந்து பூச்சிகள் எல்லாம் அடைந்த பிறகு, சர்க்கரைப் பாகைக் கொட்டாங்குச்சியில் ஊற்றிப் பெட்டிக்குள்ளேயே வைப்பார். வெளியே வைக்கக் கூடாது, பகலில் வைக்கக் கூடாது என்பார். ஏன் என்று பாயிடம் சொல்ல மறந்துவிட்டார்.

அது நோன்பு மாதம். பகலெல்லாம் பசியோடு இருப்பவருக்குப் பசித்தவர்கள்மேல் இரக்கம் வரும் அல்லவா? பாய்க்கு வந்துவிட்டது. நோன்பு திறக்கக் கரைத்து வைத்திருந்த நன்னாரி சர்பத்தை, கடையிலிருந்து கொண்டுவந்த புத்தம் புது எவர்சில்வர் தட்டுகளில் ஊற்றி, பட்டப்பகலில், பெட்டிக்கு ஒன்றாக வரிசையாக வைத்துவிட்டார்.

வேலை முடிந்து நூருவும் நானும் வந்தபோது கொல்லையில் ஒரே போர்க்களம். சர்பத் வாசனை ஏறியதும் பூச்சிகளுக்கு வெறி பிடித்துவிட்டது. தட்டைக் காலி செய்துவிட்டு, பலமான கூட்டங்கள் பலவீனமான பெட்டிக்குள் புகுந்து அங்கிருந்த கொஞ்சநஞ்சத் தேனையும் கொள்ளையடித்துக்கொண்டிருந்தன. வாசலில் கட்டிப் புரண்டு சண்டை. தரையெல்லாம் செத்த பூச்சிகள். பாய் முகமெல்லாம் வீங்கி, ஒரு கண் மூடி, கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"பசியாக் கெடந்துச்சுங்களே நூரு. நமக்கு மட்டும் சர்பத்தான்னு..."

"ஏங்க, பள்ளிவாசல்ல கஞ்சி ஊத்துறா மாதிரி தட்டு வச்சா, அதுங்க இன்னா வரிசையிலயா நிக்கும்?"

திட்டியதெல்லாம் அவ்வளவுதான். ஈரத் துணிகளைப் பெட்டிகள்மேல் போர்த்தினார், வாசல்களை ஒரு பூச்சி மட்டும் நுழையும்படி சின்னதாக்கினார், தட்டுகளை அள்ளிக்கொண்டு ஓடினார். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நானும் தண்ணீர் தெளித்தேன். ஐந்தில் ஒரு பெட்டி போனது போனதுதான். அந்த வெற்றுப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, நூரு சத்தமில்லாமல் அழுதார். பக்கத்தில் பாயும் அழுதார். மிச்ச நான்கும் இன்னும் ஒரு வாரம் தாங்காது என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்துவிட்டது.

"மலைக்கு ஏத்திடணும்" என்றார் நூரு. "கல்வராயன்ல நாவல் பூத்துக்கினு இருக்கும். ஆனா வண்டி?"

மலைப்பாதையில் போகிற வண்டி ஒன்றுதான் எங்களுக்குத் தெரியும். நூரு நேராக அந்த வீட்டு வாசலுக்குப் போனார். சிறையிலிருந்து வந்து சில மாதங்கள் ஆகியிருந்த வரதன் எழுந்து நின்றார். நான் எப்படியும் மரப்பேச்சு வரும், சண்டை வரும் என்று காத்திருந்தேன். நூரு மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "வரதண்ணே, என் பூச்சிங்க பட்டினியாக் கெடக்குதுங்க. கல்வராயன்ல வெள்ளிமலைக்கு ஏத்தணும், வண்டி வருமா?" என்று மட்டும் கேட்டார். வரதன் தலையைக் குனிந்துகொண்டு, "எப்ப வரணும் பாயம்மா?" என்றார்.

மறுநாள் பொழுது சாய, பூச்சிகள் கூடு அடையும் நேரமும் நோன்பு திறக்கும் நேரமும் ஒன்றாக வந்தன. பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு நூரு ஓடிப்போய் ஒவ்வொரு பெட்டி வாசலிலும் கம்பி வலையை வைத்து அடைத்தார். விடியுமுன் வரதன் வண்டியோடு வந்தார். வீட்டில் நோன்பு தொடங்குமுன் உண்ணும் சகர் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. அவருக்கும் ஒரு தட்டு.

"நோம்பு வைக்காத ஆளுக்கு இன்னாத்துக்கு பாயம்மா இந்தச் சாப்பாடு?"

"மலையேறப் போறீங்க, சாப்புடுங்க. பேசாத தின்னுங்கண்ணே."

கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏற ஆரம்பித்தபோது வெளிச்சம் வந்தது. ஈரச் சாக்கு போர்த்திய பெட்டிகளின் நடுவே நூருவும் பாயும். முன்னால் ஓட்டுநருக்குப் பக்கத்தில் நான், பெட்டிகளிலிருந்து முடிந்தவரை தூரத்தில். ஒரு வளைவில் வலை ஒன்று நழுவி, நாலைந்து பூச்சிகள் நேராக முன்னால் வந்துவிட்டன. என்னை விட்டுவிட்டு எல்லாம் வரதனைத்தான் பிடித்தன. மனிதர் காதில் ஒன்று, மூக்கில் ஒன்று. வண்டியை ஒரு நூல்கூடத் தடுமாறவிடாமல் ஓரம் கட்டி நிறுத்திவிட்டு, "இதுங்களுக்கு ஆளு தெரிஞ்சிருக்குது பாயம்மா" என்றார். நூரு சிரித்த சிரிப்பு மலையெல்லாம் கேட்டிருக்கும். கோடாலிச் சத்தத்துக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் அன்றுதான் கேட்டேன்.

வெள்ளிமலைப் பக்கம் வரதனுக்குப் பழக்கமான ஒரு விவசாயியின் கொல்லையில், நாவல் மரங்களுக்கு அடியில் பெட்டிகளை இறக்கினோம். வலையை எடுத்ததும் பூச்சிகள் வெளியே வந்து, வட்டமடித்து, நேராக மேலே போயின. நூரு ஒரு பெட்டியின் மேல் காதை வைத்து வெகுநேரம் கேட்டார். நிமிர்ந்தபோது கண்ணெல்லாம் தண்ணீர். "லைன் கெடச்சிருச்சி" என்றார்.

நான்கு பெட்டிகளும் பிழைத்தன. மழைக்குப் பிறகு வரதனே அவற்றை இறக்கிக் கொண்டுவந்தார். கூடவே வண்டியில் புங்கங்கன்றுகள் இருந்தன. யாரும் சொல்லவில்லை, கேட்கவில்லை. தெருமுனையில் அடிக்கட்டைகளுக்குப் பக்கத்தில் குழி தோண்டிக்கொண்டிருந்தவரைப் பார்த்து, "இன்னாண்ணே இது?" என்றார் நூரு. "மொளைக்கும்னு நான்தான பாயம்மா சொன்னேன்" என்றார் அவர். கன்றுகள் மரமாகிப் பூக்கும்வரை ஒவ்வொரு கோடையிலும் பெட்டிகள் அவர் வண்டியில்தான் மலையேறின. அவர் பிள்ளைகள் படித்தார்கள். பட்டம் வாங்கிய மகளை நூருவிடம்தான் முதலில் அழைத்து வந்தார். அந்தப் பெண்ணுக்கு ஒரு பாட்டில் தேன், அதுவும் பாட்டிலைத் திருப்பித் தரவேண்டாம் என்ற சலுகையோடு. எனக்குக்கூட அது கிடைத்ததில்லை.

பாய் முன்பே போய்விட்டார். நூரு கடைசிவரை பெட்டிகளை விடவில்லை. காது மந்தமான பிறகு பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது குளிப்பாட்டிக் கஃபன் துணி போர்த்தியிருந்தார்கள். முகம் பார்த்தேன். சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அவரை வைத்த சந்தூக்கைத் தூக்கினார்கள். பெண்கள் நாங்கள் தெருமுனைவரை வந்து நின்றுவிட்டோம். அங்கிருந்து அடக்கம் செய்யும் மையத்தாங்கரைக்குப் போகிற சாலை நெடுகப் புங்க மரங்கள், பூத்து வெள்ளையும் ஊதாவுமாக நின்றன. மேலே ஒரே இரைச்சல், கொத்துக்குக் கொத்து தேனீக்கள். முட்டிவலிக்காரர் வரதன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்த் தோள் கொடுத்தார். கடைசி மரம்வரை அவர் தோளை யாரிடமும் மாற்றிக்கொள்ளவில்லை. போர்த்தியிருந்த பச்சைத் துணிமேல் பூக்கள் உதிர்ந்துகொண்டே இருந்தன.

வீட்டுக்குத் திரும்பினோம். கூட்டமும் அழுகையுமாக இருந்ததில் ஒன்றை எல்லாரும் மறந்திருந்தார்கள். கொல்லைக்குப் போனேன். மண்தட்டு காய்ந்துபோய்க் கிடந்தது, கற்கள்மேல் பூச்சிகள் வெறுமனே ஊர்ந்துகொண்டிருந்தன. அத்தனை வருஷமாகத் தள்ளி நின்றவள், பெட்டிகளுக்கு நடுவே போய்க் குனிந்து செம்புத் தண்ணீரைக் கல் நனைய ஊற்றினேன். என் கைமேலேயே இரண்டு மூன்று வந்து உட்கார்ந்தன. கையை எடுக்கவில்லை.

நூரு, தண்ணி வச்சிட்டேன்டி. நீ போயிட்டு வா.