மொட்டைக் குமிழ்

வாத்தியக் கடைச் சுவரில் தொங்கிய தீயணைப்பு உருளையைப் பார்த்தபடி, கீழே குனியாமல், வலக்கையால் வாத்தியத்தைத் துழாவிக்கொண்டிருந்தபோதுதான் பிரேக் அக்கா கடைக்காரரை அடித்தாராம். மருந்துக்கடையில் இந்தச் சேதி கிளம்பியபோது ஒரு கன்னத்தில் ஓர் அறை. பால் வாங்கும் இடத்துக்கு வருவதற்குள் இரண்டு கன்னமும் வீங்கிவிட்டன. மாடி வீட்டுக்கு ஏறும்போது கடைக்காரர் தலையில் கட்டுடன் படுத்தே விட்டார். விசாரித்துப் பார்த்ததில் கன்னம் பொய், கட்டும் பொய். அடி உண்மை. விழுந்த இடம் புறங்கை.

அக்காவின் தொழில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. வருடக்கணக்கில் அதை மிதித்து மிதித்து, அந்தக் கால் இப்போது யார் சொல்வதையும் கேட்பதில்லை. பஸ்ஸில் மிதிக்கும். சோபாவில் உட்கார்ந்திருக்கும்போது தொலைக்காட்சியில் எவராவது எதிரே ஓடிவந்தாலும் மிதிக்கும். "வண்டி என்னோடது, பிரேக் அவளோடது" என்று கணவர் அலுத்துக்கொள்வார். மாணவர்களுக்கு அக்கா நடத்தும் பாடம் ஒன்றுதான்: "கண்ணு ரோட்டுல. கை தானா கியருக்குப் போகணும். குனிஞ்சு பாக்கிறதா இருந்தா எறங்கி நடந்து போயிடு." யாரிடமும் மன்னிப்புக் கேட்ட வழக்கம் கிடையாது. "பிரேக் போட்டதுக்கு சாரி சொன்னா, அடுத்த தடவை போடக் கால் வராதுங்க."

வீட்டில் தட்டுமுட்டுச் சாமான் போடும் அறையைக் காலி செய்து, பழைய மெத்தைகளைச் சுவரோடு சாத்தி, அதற்கு ஸ்டுடியோ என்று பெயர் வைத்திருக்கிறார். பாட்டுக்கு என்று நினைத்தால் தப்பு. "பாட்டெல்லாம் எனக்கு வராது. இடி நல்லா வரும்." நாத்தனார் நடத்தும் நாடகக் குழுவுக்கு மழை, ரயில், புயல் எல்லாம் இந்த அறையில்தான் உற்பத்தி. நாள் முழுக்க அடுத்தவர் கையையே கண்காணித்துக்கொண்டிருப்பவருக்கு, தன் கை இஷ்டப்படி எதையாவது செய்கிற இடம் இது ஒன்றுதான்.

அந்த இடத்துக்குத்தான் போன நாடகத்தில் ஆபத்து வந்தது. கடைசிக் காட்சியில் படகு கவிழ வேண்டும். அக்கா கம்ப்யூட்டரைத் தட்டினார். புயல் வரவில்லை. கம்ப்யூட்டர் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறதாம், சற்றுப் பொறுக்க வேண்டுமாம். திரையில் ஒரு வட்டம் சாவகாசமாகச் சுற்றியது. மேடையில் கதாநாயகன் சத்தமே இல்லாத கடலில் கையையும் காலையும் உதறி மூழ்கிக்கொண்டிருந்தான். "அவருக்கு என்ன, எறும்பு கடிக்குதா?" என்றது பின்வரிசை. அரங்கமே சிரித்தது. செத்தவனும் சிரித்துவிட்டான் என்பதைத்தான் நாத்தனாரால் தாங்க முடியவில்லை.

"அண்ணி, கோச்சுக்காதீங்க. அடுத்த தடவையும் இப்படின்னா நான் வேற ஆள் பாத்துக்கிறேன்."

"ஒரு வட்டம் சுத்துனதுக்கு நான் என்னடி பண்ணுவேன்?"

"அது பாக்கிறவங்களுக்குத் தெரியாதே அண்ணி."

இனிக் கம்ப்யூட்டர் சங்காத்தமே வேண்டாம், சத்தத்தைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கும் சின்தசைஸர் ஒன்றை வாங்கிவிடலாம் என்று கடைக்குப் போனார். போன இடத்தில் நடப்பதெல்லாம் என்ன அநியாயம்! முதல் வாத்தியத்தில் திருகுவதற்குக் குமிழே இல்லை, வெறும் கண்ணாடித் திரை. ஒரு சத்தத்தை அடக்க ஒரு பட்டியலைத் திறந்து, அதற்குள் இன்னொன்றைத் திறந்து, அதற்குள் போய் விரலால் தள்ள வேண்டும். "அதுக்குள்ள படகு கரை சேர்ந்து, அவன் தலையும் துவட்டிடுவான்" என்றார் அக்கா. அடுத்தது, வாயைத் திறப்பதற்கு முன்னால் மின்னஞ்சல் முகவரி கேட்டது. முழுக் காசையும் கொடுத்து நாம் வாங்கும் பொருள், நம் வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு 'நீங்கள் யார்?' என்று நம்மையே கேட்கிறது. கேட்டதோடு விட்டதா? கடவுச்சொல்லில் ஓர் எண்ணும் ஒரு நட்சத்திரக் குறியும் இருக்க வேண்டுமாம். இடி இடிப்பதற்கு! மூன்றாவதில் ஆயிரம் சத்தங்கள் தயாராக இருப்பதாகக் கடைக்காரர் பெருமைப்பட்டார்.

"ஆயிரம் யாருக்கு சார் வேணும்? ஒண்ணு குடுங்க. அது என் கை சொன்னபடி கேக்கட்டும்."

இந்த வாத்தியங்களைச் செய்கிறவர்களுக்குக் கை என்கிற உறுப்பின் மேல் என்ன பகையோ தெரியவில்லை. அதை ஒற்றை விரலாகக் குறைத்துவிட்டார்கள். அந்த விரலுக்கும் பிடிமானம் இல்லாமல் வழுக்குக் கண்ணாடியை நீட்டுகிறார்கள்.

அந்தக் கண்ணாடியை அக்கா துழாவிக்கொண்டிருந்தபோதுதான், கடைக்காரர் உதவுவதாக நினைத்துக் குறுக்கே கையை விட்டார். பட்டென்று விழுந்தது. கூடவே அக்காவின் கால் தரையை ஓங்கி மிதித்தது.

"மேடம்!"

"ஓட்டிட்டிருக்கும்போது ஸ்டியரிங்ல கை வெக்கலாமா சார்?"

"இது கடை மேடம்."

"எதுவா இருந்தா என்ன?"

பக்கத்தில் உட்கார்ந்து அடுத்தவர் ஸ்டியரிங்கைத் திருப்புவதுதான் இவர் பிழைப்பே என்பதை அப்போது யாரும் நினைவூட்டவில்லை.

மூலையில், யாரோ விற்றுவிட்டுப் போன பழைய சின்தசைஸர் ஒன்று கிடந்தது. திரை கிடையாது. வரிசையாகக் கருப்புக் குமிழ்கள். அவற்றில் ஒன்று மட்டும் கழன்று தொலைந்துபோய், அந்த இடத்தில் உலோகக் காம்பு மொட்டையாக நீட்டிக்கொண்டிருந்தது. அக்கா சுவரைப் பார்த்தபடி கையை வைத்தார். கை நேராக மொட்டைக்குப் போனது. திருப்பினார். தூரத்தில் ஓர் இரைச்சல் எழுந்து, புரண்டு, அலை அலையாகக் கடைக்குள் வந்து மோதியது. கிடார் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் தன்னையறியாமல் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டார்.

"இதுதான்."

"அது பழசு மேடம். நாப் கூட ஒண்ணு போயிடுச்சு."

"இருக்கட்டும். கை தானா போகுது பாருங்க."

ஏன் போகிறது என்று அக்கா யோசிக்கவில்லை. கடைக்காரரும் கேட்கவில்லை. வினை அங்கேதான் ஆரம்பம்.

வாத்தியம் வந்து சேர்ந்தது. ஒத்திகையில் கை போகவில்லை. புயலுக்காக நீட்டிய விரல் வேறு எதையோ திருப்ப, நடுக்கடலில் குக்கர் விசில் அடித்தது. நாத்தனார் கைபேசியை எடுத்து யாருடைய எண்ணையோ தேடினார். அது போதாதா? அக்கா நேரே கடைக்குப் போய் நின்றார்.

"மெஷினை மாத்திட்டீங்க!"

"என்ன மேடம் சொல்றீங்க?"

"நான் வாசிச்சது இது இல்ல. என் கைக்குத் தெரியாதா?"

கடைக்காரருக்கு முகம் சிவந்தது. "அதே மெஷின்தாங்க. அடி வாங்கியும் மனசு கேக்காம, மொட்டையா இருக்கேன்னு இன்னொரு மெஷின்லேர்ந்து நாப்பைக் கழட்டி, பசை போட்டு ஒட்டிக் குடுத்தேன். இப்ப எல்லாம் ஒரே மாதிரி எவ்வளவு லட்சணமா இருக்கு!"

அக்கா கண்ணை மூடினார். விரல்களைக் காற்றில் நகர்த்திப் பார்த்தார். புரிந்துவிட்டது. புரிந்ததும் வெடித்தார்.

"ஒரே மாதிரி இருந்தா கை எப்படி சார் கண்டுபிடிக்கும்? லட்சணமா இருக்குன்னு பிரேக்கையும் கிளட்சையும் ஒண்ணா ஒட்டிடுவீங்களா? யார் உங்களைச் சரி பண்ணச் சொன்னது?"

"நல்லது செஞ்சவனைத் திருடன்ங்கறீங்க. ஏற்கெனவே ஒரு சாரி பாக்கி. இப்ப ரெண்டாச்சு."

"நாளைக்கு நாடகம். வந்து அதைப் பிடுங்கிக் குடுங்க."

"சாரி சொன்னா வர்றேன்."

"வாங்க, பாக்கலாம்."

வந்தார். ஏன் வந்தீர்கள் என்றால், அந்த இன்னொரு மெஷினுக்கு நாப் வேண்டாமா என்று திருப்பிக் கேட்கிறார். மேடையோரத்தில் மண்டியிட்டு, குறடால் பிடித்து இழுத்தார். பசை விடவில்லை. அதற்குள் கடைசிக் காட்சி தொடங்கிப் படகு வந்துவிட்டது. எதிர்ப்பக்கத்தில் நாத்தனார் கையைப் பிசைந்தார். கதாநாயகன் தள்ளாடிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தான். 'டப்'பென்று குமிழ் கழன்று அக்காவின் மடியில் விழுந்தது. அக்கா குனியவில்லை. கண் படகின் மேல், கை மொட்டைக் காம்பின் மேல்.

புயல் எழுந்தது. முன்வரிசை பின்னுக்குச் சாய்ந்தது. படகு பாறையை நெருங்கியபோது அக்காவின் கால் தரையை அழுத்தி மிதித்தது. படகு நிற்கவில்லை. கதாநாயகன் மூழ்கினான். யாரும் சிரிக்கவில்லை.

விளக்குகள் எரிந்ததும் நாத்தனார் வந்தார். "அடுத்த நாடகத்துல எரிமலை இருக்கு அண்ணி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கடைக்காரர் எழுந்து, முட்டியைத் தட்டிவிட்டுக் கையை நீட்டினார். உள்ளங்கையை அல்ல, புறங்கையை. அடி விழுந்த இடத்தை இன்னொரு கையின் விரலால் மெல்லத் தட்டிக் காட்டினார்.

"ரெண்டு சாரி இருக்கு மேடம்."

அக்கா மடியிலிருந்த குமிழை எடுத்தார். அவர் தட்டிக் காட்டிய அதே இடத்தில், விழாதபடி நிமிர்த்தி வைத்தார். பிறகு திரும்பி உட்கார்ந்து வயரைச் சுருட்டத் தொடங்கினார். குமிழ் விழுந்துவிடுமே என்று கடைக்காரர் கையை அசைக்காமல் நின்றுகொண்டிருந்தார்.