தோட்டம் என்று அவள் சொன்னது

கட்டடக்கலை பயிலும் என் மகள், நான்காம் ஆண்டில் ஒரு சிறப்புப் பாடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. பெற்றோர் கையொப்பமிட்ட படிவம் அன்று மாலைக்குள் மின்னஞ்சலில் கல்லூரிக்குப் போய்ச் சேர வேண்டும். விடுமுறைக்கு வந்திருந்தவள், காந்தல் மலைச்சரிவில் எங்கள் வீட்டு மேசையில், நான் வரைந்துகொண்டிருந்த ஒரு வீட்டு வரைபடத்தின் மீதே அதை வைத்தாள்.

நான் எந்தக் கல்லூரியிலும் வரைபடம் கற்றவன் அல்லேன். ஓவேலியில் தேயிலைக் கொழுந்து பறித்த தாய்க்குத் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்து, ஓர் ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்த்தபடியே அளவுகோல் பிடிக்கப் பழகினேன். என் படங்களுக்கு இன்றளவும் உரிமம் பெற்ற வேறொருவர்தான் கையொப்பம் இடுகிறார். மகள் கட்டுமான நிர்வாகம் படித்து என் மேசைக்கு எதிரே அமர்வாள் என்று எதிர்ப்படுவோரிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தேன்.

அவளோ லேண்ட்ஸ்கேப் எடுக்க விரும்புவதாகச் சொன்னாள். நான் விழித்தேன். எனக்கு விளங்கட்டும் என்று எளிதாக்கினாள்.

“தோட்டம் மாதிரிங்கப்பா.”

எங்கள் பக்கத்தில் தோட்டம் என்றால் பூந்தோட்டம் அன்று, எஸ்டேட்.

“தோட்டத்தை உட்டு வெளிய வரத்தான் கண்ணு நான் பென்சிலப் புடிச்சேன். நீ காலேசு போயி மறுக்கா அங்கயே போறியா?”

கொழுந்துக் கூடையையும் காலேசிலேயே கொடுப்பார்களா என்று சமையலறையிலிருந்து என் மனைவி கேலி செய்தாள். மகள் பேனாவை எடுத்தாள். கட்டுமான நிர்வாகம் என்ற கட்டத்தில் குறியிட்டு, படிவத்தை என் பக்கம் நகர்த்தினாள். கையொப்பமிட்டேன். எழுத்து அழகாகவே அமைந்தது.

இரண்டு நாள் மழைக்குப் பின், வீட்டின் பின்புறம் மண்ணைத் தாங்கும் சுவர் வயிறு தள்ளி நின்றது. நானே வரைந்து, நானே நின்று கட்டுவித்த சுவர். மகள் குடை பிடித்தபடி அதை நெடுநேரம் பார்த்தாள். மேட்டிலிருந்து தண்ணீர் எவ்வழி இறங்குகிறது, எங்கே தேங்குகிறது, சுவரில் அது வடிய எத்தனை துளைகள் விட்டிருக்க வேண்டும் என்றெல்லாம் விரலால் காட்டினாள்.

“இதெல்லாம் எதுல கண்ணு சொல்லித் தர்றாங்க?”

“அன்னிக்குத் தோட்டம்னு சொன்னனுங்களேப்பா, அதுலதான்.”

கல்லூரியைத் தொலைபேசியில் அழைத்தேன். தேதி கடந்துவிட்டது, இனி மாற்ற இயலாது என்றார்கள்.

இப்போது அவள் விடுமுறைதோறும் வந்து, நான் விரும்பியபடியே எதிரே அமர்கிறாள். வேலையில் குறை சொல்வதற்கில்லை. அவளுக்குப் பின்னால் சன்னல். அதற்கப்பால் முட்டுக்கொடுத்த அந்தச் சுவர். தலை நிமிர்ந்தால் அவளையும் சுவரையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது. ஆகவே பெரும்பாலும் நான் நிமிர்வதில்லை.