போன் செய்துவிட்டுப் போன பதினான்கு கடைகள்

புகையிலைக் கம்பெனிகள் நம் வட்டாரத்தில் என்ன செய்கின்றன என்பதை நாமே கண்காணிக்க வேண்டும், வெளியிலிருந்து ஆய்வாளர்கள் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அதற்காக இங்கே மலேசியாவில், ஈப்போ நகரில், புகையிலை எதிர்ப்பு அமைப்பினர் மூன்று நாள் பயிற்சி தந்தார்கள். தாய்லாந்துக்காரர்கள், இந்தோனேசியர்களோடு நானும் உட்கார்ந்து கற்றேன். சட்டத்தை மீறிக் கடையில் சிகரெட்டைப் பார்வைக்கு வைத்திருக்கிறார்களா என்று பார்த்துப் படிவம் நிரப்ப வேண்டும். எனக்கு ஜெலாப்பாங்கிலும் பழைய ரப்பர் தோட்டப் பக்கமும் பதினான்கு கடைகள்.

எல்லாரும் தெரிந்தவர்கள். தெரிந்தவர் கடையில் போலீஸ்காரர் மாதிரி திடீரென்று போய் நிற்பது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை. முந்தின நாளே வரிசையாக போன் செய்துவிட்டேன்.

பதிமூன்று கடைகளில் 'இல்லை' என்று எழுதினேன். கடைசிக் கடையிலும் சிகரெட் கண்ணில் படவில்லை. ஆனால் கல்லாவுக்குப் பின்னால் சுவரில் நான்கு ஆணித் துளைகள், நடுவில் மங்காத பெயிண்ட். என்ன இருந்தது என்று கேட்டேன்.

"சிகரெட் கம்பெனி அலமாரிதான்லா, அக்கா. நீங்க வாரீங்கன்னு சேல்ஸ்மேன்கிட்ட சொன்னேன், காலையிலயே வேன்ல வந்து கழட்டிட்டுப் போய்ட்டான். எல்லாக் கடைக்கும் போனான். நாளைக்கு மாட்டிடுவான். உங்களுக்கும் வேலை சுலபம்தானே?"

அன்றே எங்கள் கண்காணிப்புக் குழுத் தலைவரிடம் சொன்னேன். என்னைவிட இருபது வயது இளையவர். பார்த்ததைத்தானே எழுதினீர்கள், பொய் இல்லையே, அறிக்கைக்கு நேரமில்லை என்றார்.

"இதே அறிக்கையைத் தூக்கிக் காட்டி, நம்ம பேராக் மாநிலத்துல சட்டம் நல்லா நடக்குதுன்னு அந்தக் கம்பெனியே சொல்லும். என் கையெழுத்தோட அது போகாது," என்றேன்.

மறு வாரம் யாருக்கும் சொல்லாமல் பதினான்கு கடைக்கும் போனேன். பதினொன்றில் அலமாரி பழைய இடத்தில் இருந்தது, உள்ளே விளக்கு வேறு. ஆணித் துளை பார்த்த கடைக்காரர் முகம் கொடுத்துப் பேசவில்லை. இத்தனை வருஷம் பழகி இப்படிப் பண்ணிட்டீங்களே என்று மட்டும் சொன்னார். எனக்கும் வலித்தது. நின்றபடியே படிவத்தை நிரப்பினேன்.

இரண்டு கட்டுப் படிவங்களையும் கொடுத்தேன். முதல் கட்டின் மேல் ஒரு தாள் வைத்து, முன்கூட்டிச் சொல்லிக் கெடுத்தது நான்தான் என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தேன். தலைவர் அந்தத் தாளை மட்டும் எடுத்துவிடலாமே, நம் குழுவுக்குத்தானே கெட்ட பெயர் என்றார்.

முடியாது என்றேன். அடுத்த பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு முதலில் காட்ட வேண்டியது அந்தத் தாள்தான்.