குழாய் எட்டும் தூரம்

வளைந்த கால்களைக் காட்டத்தான் மகளைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். டாக்டர் அவளுடைய தொப்பியைக் கழற்றினார்.

"மொட்டை எப்போ போட்டீங்க?"

"ஒரு வயசுல, திருச்செந்தூர்ல. அப்புறம் வளரவே இல்ல."

இரண்டரை வயதாகியும் அவள் நிற்கவில்லை. ரிக்கெட்ஸ் (எலும்பு கெட்டிப்படாத நோய்) என்று முன்பே சொல்லியிருந்தார்கள். வைட்டமின் டி சொட்டுமருந்து கொடுத்தேன். என் மாமியார், என் அப்பாவின் உடன்பிறந்த சகோதரி, "தூத்துக்குடில வெயிலுக்கா பஞ்சம்? மாடில கொண்டு போடு ஏளா" என்றார். ஒரு வருடம் தினமும் போட்டேன். தோல் கறுத்தது. கால் நிமிரவில்லை. நேரம் போதவில்லையோ என்று இன்னும் கொஞ்சம் வைத்திருந்தேன்.

ரத்தப் பரிசோதனையும் மரபணுப் பரிசோதனையும் முடிந்தபின் டாக்டர் சொன்னார்: "வைட்டமின் டி அவ ரத்தத்துல நிறையவே இருக்கும்மா. அதைப் பிடிச்சுக்கிற ஏற்பி வேலை செய்யல. அதனால குடல் கால்சியத்தை எடுக்கல. முடி வளரவும் அந்த ஏற்பி வேணும்."

ஏற்பி (செல்லுக்குள் இருக்கும் ஒரு புரதம்) உருவாகும் மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருந்தது. மாறிய பிரதி எனக்கு ஒன்று, என் கணவருக்கு ஒன்று. கூடவே நல்ல பிரதியும் இருந்ததால் எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. மகளுக்கு இரண்டுமே மாறியவை.

"சொந்தம் விட்டுப் போயிரக் கூடாதுன்னு கட்டி வச்சாங்க. ஒண்ணுமே விட்டுப் போகல, பாத்தியாளா" என்றார் அத்தான். சிரிக்கப் பார்த்தார்.

குடல் எடுக்காததை நெஞ்சருகே வைத்த குழாய் வழியாக, ரத்தத்தில் நேரே ஏற்றினார்கள். மாதக்கணக்கில் அதே அறை. ஜன்னலுக்கு வெளியே உபயோகமற்ற வெயில். சொட்டு நின்றால் பதறுவேன். ஓடினால் வேகமாக ஓடுகிறதோ என்று பதறுவேன். மாடியில் போக்கிய ஒரு வருடத்தைத் திரும்பத் திரும்பக் கணக்கிட்டேன்.

இதே நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: மருந்து கேட்கவில்லையென்றால் வெயிலைக் கூட்டாதீர்கள். மறுபடி டாக்டரிடம் போங்கள். முடி வளராததையும் சொல்லுங்கள். எனக்கு அது தோன்றவில்லை.

ஏழாவது மாதம் கட்டில் கம்பியைப் பிடித்து நின்றாள். பிறகு நடந்தாள். குழாய் எட்டும் தூரம் நான்கு எட்டு. அது இழுத்ததும் திரும்பிவிடுவாள்.

இப்போது வீட்டில் இருக்கிறோம். குழாயை எடுத்துவிட்டார்கள், கால்சியம் வாய்வழியாகப் போகிறது. முடி வராது என்றிருக்கிறார்கள். கூடத்தில் அவள் நடக்கிறாள். நான்கு எட்டு வைத்து, நெஞ்சைத் தொட்டுப் பார்த்து, திரும்புகிறாள்.

"இன்னும் வாளா, ஒண்ணுமில்ல" என்று கை நீட்டுகிறேன். ஆனால் ஒவ்வொரு முறையும் நான்காவது எட்டில் என் மூச்சும் நிற்கிறது.