கழுவி, உலர்த்தி, எடை போடவும்

கல்லூரியின் வேதியியல் துறையில் எல்லோருக்கும் அவள் அட்டெண்டரம்மா. பதினோரு வருடமாக அவள் பார்த்துவந்த வேலை இதுதான்: தீப்பெட்டி அகல எஃகுத் தகடுகளை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்குவாள், எடை போடுவாள், நூலில் கட்டி அமிலத்தில் தொங்கவிடுவாள். ஆறு மணி நேரம் கழித்து எடுத்துக் கழுவி மறுபடி எடை போடுவாள். குறைந்திருக்கிற எடை, அமிலம் தின்றது. அமிலத்தில் இலைச்சாறு கலந்தால் அந்தத் தீனி எவ்வளவு மட்டுப்படுகிறது என்பது துறையின் பேராசிரியை மேடத்தின் ஆராய்ச்சி.

இலை, ரயில் பாதையோரம் தானாக முளைக்கிற ஒரு களைச்செடியினுடையது. ஆடுகூட முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதைப் பறித்து, நிழலில் காயவைத்து, பொடித்து, கொதிக்கவைத்து வடிகட்டுவதும் அவள்தான். சாறு கருங்காப்பி நிறத்தில் இறங்கும். வீட்டில் அவள் கணவன் அதற்குக் கஷாயம் என்று பேர் வைத்திருந்தான்.

"இரும்புக்குக் கஷாயம் வெச்சுக் குடுக்கற ஒரே பொம்பள நீதான். எனக்கு ஒரு டம்ளர் கிடைக்குமா?"

"உங்களுக்குந்தாங்க வெக்கறேன்."

அது வெறும் பேச்சில்லை. குழாய்த் தொழிற்சாலையில் அவனுக்கு அமிலத் தொட்டியில் வேலை. துருப்பிடித்து வருகிற குழாய்களை அமிலத்தில் முக்கி எடுக்கவேண்டும். துருவைத் தின்று முடித்த அமிலம் இரும்பிலும் வாய் வைத்துவிடக் கூடாது என்று தொட்டியில் ஒரு மஞ்சள் தூள் போடுவார்கள். தூள் இரும்பைக் காப்பாற்றியது. அவன் விரல்களில் தோல் உரிந்து உரிந்து, சோற்றின் உப்புப் பட்டால்கூடக் கையை உதறிக்கொண்டு எழுந்துவிடுவான். மூச்சும் இழுக்க ஆரம்பித்திருந்தது. "எங்க தொட்டியில எல்லாமே தூள்தான்" என்று சிரிப்பான். சிரிப்பு எங்கே முடிகிறது, இருமல் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாது. தூளின் பக்கமே போகாதே என்றார் டாக்டர். வேறு பிரிவு கேட்டான். வேறு பிரிவு இல்லை, வாசல்தான் இருக்கிறது என்றார்கள்.

அதனால் அவளுக்கு அந்த இலை ஒரு இலை மட்டுமில்லை. மூன்று வருடமாக மேடத்தின் நோட்டில் காப்பு தொண்ணூற்றிரண்டு சதவீதம் என்று ஒரே எண் வந்துகொண்டிருந்தது. மேடம் நடையாய் நடந்து தொழிற்சாலையைச் சம்மதிக்கவைத்தாள். திங்கட்கிழமையிலிருந்து ஒரு மாதம் ஒரு தொட்டியில் தூளை நிறுத்திவிட்டுச் சாறு ஊற்றிப் பார்க்கலாம் என்றார்கள். ஒதுக்கிய தொட்டி அவள் கணவனுடையது. அவன் தன் ஷிஃப்ட் ஆட்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டான். சாயங்காலம் பஸ்ஸில் அவளைப் பார்த்த ஒருவர், "கஷாயக்காரம்மா, திங்கக்கிழமை எங்களுக்கு விடிஞ்சிரும்ல?" என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை தொழிற்சாலையிலிருந்து குவாலிட்டிக்காரர் வந்தார். பரிசோதனையை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடவேண்டும். அவர் வந்தபோது தகடுகள் ஏற்கெனவே எடைக்குப் போயிருந்தன. தராசில் நான்கு தசமம் வரை வந்த எண்களைக் குனிந்து பார்த்தார்.

"எடுத்தப்புறம் பிரஷ் போட்டுத் தேய்ச்சிடுவீங்கல்ல?" என்று போகிறபோக்கில் கேட்டார்.

"கழுவித்தான் சார் எடை போடறோம்" என்றாள் மேடம்.

அவர் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார். அவர் கேட்டது ஒன்று, மேடம் நினைத்துச் சொன்னதும் அதே ஒன்று. நடுவில் கையில் இடுக்கியோடு நின்றவள்தான் சுவரைத் திரும்பிப் பார்த்தாள்.

சுவரில் ஒட்டியிருந்த தாளில் மேடத்தின் கையெழுத்தில் இருந்தது 'கழுவி, உலர்த்தி, எடை போடவும்' என்பதுதான். வேலைக்குச் சேர்ந்த அன்று, விரல்ரேகை பட்டால்கூட எடை மாறிவிடும் என்று சொல்லிப் பயமுறுத்தியிருந்தார்கள். வீட்டில் அடிப்பிடித்த பாத்திரத்தை நார் போட்டுத் துலக்குகிற கை, இங்கே தகட்டை இடுக்கியில் பிடித்துக் குழாயடியில் ஒரு முறை காட்டி எடுத்துவிடும். அவளுக்கு அதுதான் கழுவுதல். உண்மையில் அது அலசுதல்.

எல்லோரும் போனபிறகு, தேதி எழுதிய காகித உறைகளிலிருந்து பழைய தகடுகளை எடுத்தாள். சாறில்லாத அமிலத்தில் தொங்கியவை வெறுமையாக இருந்தன, ஒட்டிக்கொள்ள அங்கே எதுவுமில்லை. சாற்றில் தொங்கியவற்றின்மேல் கருப்பாக ஒரு பிசின். அதுதான் காப்பு என்று மூன்று வருடமாகப் பெருமையாகப் பார்த்திருக்கிறாள். பல் துலக்கும் பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்தாள். பிசின் கழுவும் தொட்டி முழுக்கக் கரைந்து ஓடியது. அடியில் எஃகு, அம்மை வந்த முகம் மாதிரி குழிகுழியாக இருந்தது. அமிலம் தின்ற எடையைப் பிசின் நிரப்பிக் காட்டியிருக்கிறது. எடை போட்டுக் கணக்குப் பார்த்தாள். முப்பத்தொன்று. அடுத்தது இருபத்தெட்டு. அதற்கடுத்தது முப்பத்துநான்கு. நான்காவதை உறையிலிருந்து எடுக்கவே இல்லை.

வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒரு மாதம் அவன் தூளைத் தொடவேண்டாம். ஆனால் முப்பது சதவீதக் காப்பில் அமிலம் குழாயைத் தின்னும், தொட்டி நுரைத்துக் கொதிக்கும், புகை கிளம்பும். தூள் வருவதற்கு முந்தைய காலத்தில் அந்தத் தொட்டியில் நின்ற ஒருவரை அவளுக்குத் தெரியும். புகையில் முன்பற்கள் ஈறு வரை கரைந்து, ரொட்டியை நனைத்துத்தான் தின்பார்.

சனிக்கிழமை காலையில் மேடத்தின் அறைக்குப் போனாள்.

"மேடம், நான் தேய்க்கலை."

"எதை?"

"தகட்டை. மூணு வருஷமா அலசித்தான் எடை போட்டிருக்கேன். நேத்து தேய்ச்சுப் பார்த்தேன்." எண்கள் எழுதிய தாளை மேஜையில் வைத்தாள்.

மேடம் படித்தாள். மறுபடி படித்தாள். "உன்னை யாரு தேய்க்கச் சொன்னது?"

"யாரும் சொல்லலை மேடம். அதான்."

"கழுவறதுன்னா தேய்ச்சுக் கழுவறதுன்னு தெரியாதா? வீட்டுல பாத்திரத்தை எப்படிக் கழுவற?"

"பாத்திரத்தை எடை போடறதில்லையே மேடம்."

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். கோபம் வருமென்று காத்திருந்தவளுக்கு அது வராதது இன்னும் பயமாக இருந்தது.

"கையெழுத்து ஆயிடுச்சு. ஒரு மாசந்தானே. தானாத் தெரியட்டுமே" என்றாள் மேடம், ஜன்னலைப் பார்த்து.

"அந்தத் தொட்டியில எங்க வீட்டுக்காரர் நிக்கறாருங்க."

மேடம் போனை எடுத்தாள், வைத்தாள். இரண்டாவது தடவை எடுத்து எண்ணை அழுத்தினாள். எதிர்ப்பக்கத்தில் யாரும் அதிகம் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. "சரி, பழைய தூளே ஓடட்டும்" என்று அவர்கள் சொன்னது மேஜைக்கு இந்தப் பக்கம் நின்றவளுக்கும் கேட்டது.

கணவனிடம் சொல்ல அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆயிற்று. அவன் நகம் வெட்டிக்கொண்டிருந்தான்.

"முப்பதா? பூஜ்யம் இல்லையே" என்றான்.

"முப்பதுக்குத் தொட்டி கொதிக்குங்க. புகை வரும்."

"நீ சொல்லாமலே இருந்திருக்கலாம். ஒரு மாசம் கை ஆறியிருக்கும்."

"பல்லு?"

"பல்லை வெச்சுக்கிட்டு எந்தக் கரும்பைக் கடிக்கப் போறேன்?" சிரித்தான். இருமல் வந்து, அடங்க நேரமாயிற்று. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தான்.

"ஆளுங்ககிட்ட என்னன்னு சொல்றது?"

"எம்மேல பழியைப் போடுங்க."

"நீதானே பண்ணின. அதுல பழி எங்க இருக்கு?"

குரலில் சூடு இல்லை. நாளைக்கு என்ன கிழமை என்று சொல்வதுபோலச் சொன்னான். வெட்டிய நகத்துண்டுகளைக் காகிதத்தில் கூட்டி மடித்து அவளிடம் நீட்டினான்.

"நாளைக்கு முதல் ஷிஃப்ட்டு. அஞ்சு மணிக்கு எழுப்பிவிடு."