சாப்பிட்டாச்சா என்று கேட்டவர்

போட்டாதாங் படகுத்துறைக்கு எதிரே நான் வழக்கமாக டீ குடிக்கிற கடைக்கு ஒருநாள் அவர் வந்தார். குள்ளமான கிழவர், சிரித்தால் கண் காணாமல் போய்விடும். லாவோஸிலிருந்து அகதியாக ஆஸ்திரேலியா போய்ப் பிள்ளைகளை ஆளாக்கியவர், ரங்கூனைப் பார்க்க வந்திருந்தார். யாரைக் கண்டாலும் “தமின் சா பீ பீ லா?” என்பார். சாப்பிட்டாச்சா என்று பர்மாக்காரர்கள் நலம் விசாரிப்பது அது.

“எங்க ஊர்லயும் இப்படித்தான் கேப்போம்,” என்று ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தார். ஆஸ்திரேலியா போன புதிதில் பக்கத்து வீட்டம்மாவைப் பார்க்கும்போதெல்லாம் இதையே ஆங்கிலத்தில் கேட்டாராம். குடும்பமே பட்டினி போலிருக்கிறது என்று அந்தம்மா ஒரு சட்டி சூப் கொண்டுவந்து வைத்தாளாம். வெறும் சட்டியைத் திருப்பக் கூடாதென்று இவர் மனைவி ஒட்டரிசிச் சோறு போட்டுக் கொடுத்தாளாம். சட்டி போய்வந்துகொண்டே இருந்திருக்கிறது.

“அது சும்மா கேக்கறதுதான்னு அவங்ககிட்டச் சொல்லலையா?” என்றேன்.

“இல்ல. இப்ப அவங்க தனியா இருக்காங்க. என்னப் பார்த்தா அவங்கதான் ‘சாப்பிட்டாச்சா’ன்னு கேக்கறாங்க. நலம் விசாரிக்கிறாங்களா, பசிக்குதுங்கிறாங்களான்னு எனக்குத் தெரியல. அதனால சோத்தோடயே போறேன்.”

எழுந்தவர் என்னிடமும் கேட்டார். சாப்பிட்டாச்சு என்றேன். நம்பாமல், தன் சமூசாத் தட்டை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுப் போனார்.